இடப்பக்கம் போன கத்தி

ஆனைக்குட்டம் அணைக்கரையில் போய் முத்துப்பேச்சியின் படகு எது என்று கேட்டால் யாரும் கையை நீட்டிக் காட்ட மாட்டார்கள். "போயிப் பாருங்க, எந்தப் போட்டு வீடு மாதிரி இருக்கோ அதுதான்" என்பார்கள். ரெண்டு எட்டு வைத்ததும் பின்னாலிருந்து இன்னொரு குரல் வரும்: "தொட்டுராதீக, கண்டுபிடிச்சிருவா!" ரெண்டும் உண்மைதான். சும்மா சொல்லக் கூடாது.

பதினாலு அடி ஃபைபர் படகு. ரெண்டு பேர் உட்கார்ந்தால் மூணாவது ஆளுக்கு மூச்சு விட இடமில்லை. மற்ற படகுகளைப் பார்த்தால் சந்தைக்கடை மாதிரி இருக்கும். வலை ஒரு மூலை, கயிறு ஒரு மூலை, நடுவே நேற்றுச் சாப்பிட்ட தூக்குச்சட்டி. காலை எங்கே வைப்பது என்று தேடித் தேடித்தான் ஏற வேண்டும். முத்துப்பேச்சியின் படகில் நடுத்தளம் எப்போதும் காலி. முன்மூக்கில் பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம், அதற்குள் நங்கூரக் கயிறு வட்டவட்டமாகச் சுருண்டு கிடக்கும், கல் மேலே. முன்பலகைக்கு அடியில் வலைப்பெட்டி. முதலில் போடுகிற வலை மேலே, பின்னால் போடுகிற வலை அடியில். மிதவையெல்லாம் ஒரு ஓரம், ஈயக்குண்டெல்லாம் மறு ஓரம். இழுத்தால் சிக்காமல் ஓடிவரும். அதன்மேல் ஈரச்சாக்கு, சாக்கின்மேல் இரட்டை முடிச்சு. மீன்பெட்டி நடுவுக்குக் கொஞ்சம் பின்னே, மீன் ஏற ஏறப் படகு மூக்கைக் குத்தாதபடி. சோறும் செல்போனும் இறுக்கமாக மூடிபோட்ட பெயிண்ட் வாளிக்குள். படகு கவிழ்ந்தாலும் வாளி மிதக்கும் அல்லவா?

படகுக்குள் ஏறுகிற தண்ணீரைக் கோரி வெளியே ஊற்ற அறுத்த எண்ணெய்க் கேன் ஒன்று. அது முன்பலகைக்கு வலப்பக்கம், வாய் கவிழ்ந்து. அதற்கு மேலே படகின் உள்சுவரில் ஒரு சாண் பிளாஸ்டிக் பைப்பை நிறுத்திக் கட்டியிருந்தாள். அதற்குள் கத்தி, பிடி மேலே. ஓடுகிற வலை காலில் சுற்றி ஆளை இழுத்தால், கத்தி எங்கே என்று தேட நேரமிருக்காது.

"உக்காந்தவன் உக்காந்த மேனிக்கே எடுக்கணும். எடுக்க எந்திரிச்சான்னா தண்ணிக்குள்ளதான் போவான்" என்பது அவள் சட்டம்.

இந்தச் சட்டத்தை அவள் படகில் படிக்கவில்லை, பட்டாசுக் கம்பெனியில் படித்தாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பத்தொன்பது வருஷம் வேன் ஏறி, வெடிமருந்து செலுத்துகிற ரூமில் உட்கார்ந்தாள். வாசலில் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே காலை வைக்க வேண்டும். இரும்பு கூடாது. நாலு பேருக்கு மேல் கூடாது. கைக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு துரும்பு கிடக்கக் கூடாது. இதெல்லாம் கம்பெனி போர்டில் எழுதியிருப்பது. எழுதியதை நடத்திக் காட்டியவள் முத்துப்பேச்சி. பித்தளைக் கரண்டி ஒரு விரற்கடை தள்ளி இருந்தாலும் "யாரு தொட்டது?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவாள். அந்த ரூமில் இருளம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். ஒருநாள் அவள் கை லேசாக நடுங்கியதைப் பார்த்துவிட்டு, போர்மேனிடம் போய்ச் சொல்லி, அன்றைக்கே பெட்டி ஒட்டுகிற பக்கம் மாற்றிவிட்டாள். இருளம்மாள் அழுதாள். "அழுதுக்கோ. உசுரோட அழு" என்றாள் இவள்.

ஒரு சித்திரை மாதம் பக்கத்து ரூம் வெடித்துவிட்டது. நெருப்பு இந்தப் பக்கம் வருவதற்குள் முத்துப்பேச்சியின் ரூமில் இருந்த நாலு பேரும் வெளியே வந்து காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். வெடித்த ரூமில் வாசலை மறித்துச் சாக்கு கிடந்ததாம். அன்றைக்குப் பிறகு அவளை யாரும் சந்தேகக்காரி என்று கேலி பேசவில்லை. அவளும் அன்றைக்குப் பிறகு வேன் ஏறவில்லை. வேன் ஹாரன் கேட்டால் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். மகள் நாகஜோதியைச் சாத்தூரில் கட்டிக்கொடுத்த கையோடு, புருஷன் பெத்தணனும் அவளுமாக மீனவர் சங்கத்தில் உறுப்பினர் கார்டு போட்டு இந்தப் படகை வாங்கினார்கள். ஒரு ஆள் வலை போட, ஒரு ஆள் துடுப்புப் போட. ஒற்றை ஆளாக அந்த அணையில் ஒன்றும் நடக்காது. படகு இருக்கிறவரை கம்பெனி வேன் வேண்டாம். படகு போனால் மறுநாளே வேன். முத்துப்பேச்சியின் வாழ்க்கையில் இப்போது இருப்பது இந்த ஒரு கணக்குதான்.

அப்படிப்பட்ட படகில்தான், புரட்டாசி பிறந்த வாரம், தண்ணி கோருகிற கேன் இடப்பக்கம் இருந்தது.

சாயங்காலம் வலை போடப் போகிற நேரம். வழக்கமாகப் பெத்தணன் முன்கூட்டியே வந்து கரையில் உட்கார்ந்திருப்பான். அவள் வீட்டு வேலை முடித்து வருவாள். "யாரு தொட்டது?" என்றாள்.

"காத்துல உருண்டிருக்கும்" என்றான் பெத்தணன்.

"காத்து உருட்டுனா வாயி மேல பாத்துல்ல கெடக்கும்? கவுந்து கெடக்கே!"

அவன் முன்பலகையில் போய் உட்கார்ந்தான், அவளுக்கு முதுகைக் காட்டி. எப்போதும் அப்படித்தான், அவள் பின்னால் துடுப்பு, அவன் முன்னால் வலை. அவள் கேனை எடுத்து வலப்பக்கம் வைத்தாள்.

நாலு நாள் கழித்து வலைப்பெட்டிச் சாக்கில் இரட்டை முடிச்சு இல்லை. ஒரு சுருக்கு மட்டும் இருந்தது, இழுத்தால் அவிழ்கிற மாதிரி. அதற்கு மறுநாள் பார்த்தால், கத்திப் பைப்பையே எவனோ அவிழ்த்து இடப்பக்கச் சுவரில் கட்டியிருக்கிறான்!

முத்துப்பேச்சி படகுக்குள் மண்டி போட்டு மூலை மூலையாக முகர்ந்து பார்த்தாள். காரணம் இருந்தது. எதிர்க்கரைப் பக்கம் எவனோ கள்ளத்தனமாக மருந்து கட்டித் தண்ணீருக்குள் தோட்டா போட்டு மீனைக் கொல்லுகிறான் என்று பேச்சு. சங்கத்துக் காவல்காரர் சின்னச்சாமி கரையில் நின்று, "எந்தப் போட்டுல மருந்துத் தூசி இருந்தாலும் போட்டப் பறிச்சு கார்ட கிழிச்சிருவாக. அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பத்தொன்பது வருஷம் மருந்துக்குள் கிடந்த மூக்கு, ஏமாறாது. படகில் மீன் வாசமும் ஈரச்சாக்கு வாசமும்தான் இருந்தன. மருந்து வாசம் துளிகூட இல்லை. அது அவளுக்கு இன்னும் பெரிய சந்தேகமாகப் போயிற்று. துடைத்துவிட்டல்லவா போகிறான்!

யார்? கரையில் நிற்கிற எல்லா முகத்தையும் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டீ வாங்கிக் கொடுத்தவன் ஏன் வாங்கிக் கொடுத்தான்? முந்தாநாள் வணக்கம் சொன்னவன் இன்றைக்கு ஏன் சொல்லவில்லை? கடைசியில் கண் சோலைமலையிடம் போய் நின்றது. பெத்தணனைவிட நாலு வயது மூத்தவர். பக்கத்துப் படகு. பெத்தணனுக்கு மச்சான் முறை. அவளைக் கூடப்பிறந்தவளாகத்தான் பேசுவார். நல்ல மனுஷன். ஆனால் நொட்டாங்கை. கரை முழுக்கத் தேடினாலும் இடக்கையால் வலை வீசுகிற ஆள் அவர் ஒருவர்தான். கேன் இடப்பக்கம், கத்தி இடப்பக்கம். வேறென்ன வேண்டும்?

வேண்டாம்தான், இருந்தாலும் கம்பெனிக்காரி அல்லவா, சோதித்துப் பார்க்காமல் சொல்ல மாட்டாள். திருத்தங்கல் ரோட்டில் மீன் விற்றுவிட்டு மத்தியானம் திரும்பும்போது கரைக்குப் போனாள். கோலமாவு ஒரு பொட்டலம் முந்தியில். முன்பலகையில் சல்லடையில் சலித்த மாதிரி மெல்லிசாகத் தூவினாள். சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஓடிவந்தாள். பலகையில் அச்சு வைத்த மாதிரி ஒரு உள்ளங்கை. பெருவிரல் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. இடக்கை!

பெத்தணன் கரைமேல் கருவேல மர நிழலில் உட்கார்ந்திருந்தான். "நீக போட்டுல எறங்குனீகளா?" என்றாள்.

"இல்லையே, இப்பத்தான வாரேன்" என்றான் அவன்.

அந்த நேரம் சோலைமலை தன் படகைக் கழுவி முடித்து, கையை உதறிக்கொண்டு எழுந்தார். விதி என்று சொல்வதா, வேளை என்று சொல்வதா? உதறியது இடக்கையை.

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. கரையில் பதினைந்து பேர் நின்றார்கள். சின்னச்சாமியும் நின்றார்.

"ஏண்ணே, ஒங்களுக்கு மீன் வேணும்னா எங்கிட்டக் கேட்டா குடுக்க மாட்டனா? எம் போட்ட எடுத்துட்டுப் போயித்தான் தோட்டா போடணுமா? மாட்டுனா ஒங்க கார்டு தப்பிக்கும், எங்க கார்டு கிழியும், அதான கணக்கு?"

சோலைமலைக்கு முதலில் புரியவே இல்லை. "என்ன தாயி சொல்லுத?" என்றார்.

"கத்திப் பைப்ப இடப்பக்கம் மாத்திக் கட்டுனது யாரு? பலகையில இருக்கிறது யாரு கையி? இந்தக் கரையில இன்னொரு நொட்டாங்கையக் காட்டுங்க, நா வாயப் பொத்திக்கிடுதேன்."

சோலைமலை அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே, கரைமேல் இருந்த பெத்தணனைப் பார்த்தார். பெத்தணன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் பார்த்துவிட்டு, சோலைமலை துண்டை உதறித் தோளில் போட்டார். படகை அவிழ்த்து, தானே தள்ளிக்கொண்டு, கரையின் அந்தக் கோடிக்குப் போய்க் கட்டினார்.

"பாத்தீகளா, வாயத் தொறக்கலையே. தப்பில்லாதவன் இப்படிப் போவானா?" என்று அன்று இரவு சோறு போடும்போது சொன்னாள். பெத்தணன் "எனக்குப் பசியில்ல, வச்சுட்டுப் போ, அப்புறம் தின்னுக்கிடுதேன்" என்றான். பாவம், கூட்டாளி இப்படிச் செய்துவிட்டானே என்று மனசு உடைந்து கிடக்கிறான் என்று அவள் நினைத்தாள். கத்தியை மறுபடி வலப்பக்கம் கட்டினாள், அதுவும் கம்பி போட்டு முறுக்கி.

அதிலிருந்து ஒன்பது நாள் எதுவும் நகரவில்லை. முத்துப்பேச்சிக்கு ஏக நிம்மதி. திருடனைப் பிடித்தாயிற்று என்று இருந்தாள்.

பத்தாவது நாள் விடியற்காலை. கிழக்கு வெளுக்கிற நேரம், அணையில் லேசாக அலை. ரெண்டு வலையில் முதல் வலையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நல்ல கட்லா ஒன்று, அஞ்சாறு கிலோ இருக்கும், வலையோடு சேர்த்துப் படகையே ஒரு பக்கம் சாய்த்தது. "இழுங்க, இழுங்க, விட்டுராதீக!" என்று கத்தினாள். பெத்தணனின் முதுகு முன்னும் பின்னும் ஆடியது. இழுக்கிறான், மீன் ஏறவில்லை. மறுபடி மீன் துள்ளியதில் வலை வெட்டி இழுக்க, அவன் படகின் விளிம்பில் மார்போடு போய் விழுந்தான்.

"கத்தி! கத்திய எடுத்து அறுங்க!"

கத்தி அவனுக்கு வலப்பக்கம், அரை முழத் தூரத்தில் இருந்தது. அவன் எடுக்கவில்லை. முத்துப்பேச்சி துடுப்பைப் போட்டுவிட்டு, காலியாக வைத்திருந்த நடுத்தளத்தில் நாலு காலில் தவழ்ந்து முன்னால் போனாள். அப்போதுதான் அவன் முகத்துப் பக்கத்திலிருந்து அவனைப் பார்த்தாள். வலைக்கயிற்றை இடக்கை மணிக்கட்டில் மூன்று சுற்று சுற்றியிருந்தான். மிச்சத்தைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தான். வலக்கை மடியில் கிடந்தது. யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது.

அவளே கத்தியை உருவி வலையை அறுத்தாள். மீனும் வலையும் போயின. படகு நிமிர்ந்தது.

அவள் அவன் வலக்கையை எடுத்துத் தன் கையில் வைத்து, "புடிங்க, என் கைய அமுக்கிப் புடிங்க" என்றாள். அவன் பிடிக்க முயன்றான். நெற்றி நரம்பு புடைத்தது. விரல் மடங்கவில்லை.

"எப்ப இருந்து?"

"ஆவணிக் கடைசில. காலைல எந்திரிச்சேன், மரத்துப் போயிருந்துச்சு. சரியாப் போயிரும்னு நெனச்சேன்."

"அப்ப கேனு..."

"நாந்தான். இந்தக் கையில எட்டல புள்ள."

"சுருக்கு முடிச்சு?"

"ஒத்தக் கையில இரட்டை முடிச்சு விழுகல. கத்திப் பைப்பக்கூட பல்லக் கடிச்சுத்தான் கட்டுனேன்."

பலகையில் இருந்த உள்ளங்கை யாருடையது என்று அவள் கேட்கவில்லை. வீட்டில் அவள் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து இவன் சாப்பிட்டு முடித்ததும், கரண்டி தினம் கழுவிக் கவிழ்ந்து கிடந்ததும் இப்போதுதான் மண்டையில் ஏறின. ஊரில் உள்ளவன் டீ வாங்கிக் கொடுத்தால் ஏன் என்று யோசித்தவள், புருஷன் கரண்டியில் சாப்பிடுகிறானே என்று யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது.

"எங்கிட்டச் சொன்னா என்ன? அந்த மனுஷன் கரையில நின்னு அவமானப்பட்டாரே, அப்பயாச்சும் வாயத் தொறந்தா என்ன?"

"சொன்னா நீ என்னய எறக்கி விட்டுருவ" என்றான் பெத்தணன். "கை நடுங்குனவளையே ஒரு நாள் வச்சிருக்கல நீ. என்னய எறக்கி விட்டா போட்டுல ஆளு ஏது? நீ வேனு ஏறுவ. ஏறணும்னு ஏறிருவ, எனக்குத் தெரியும்."

முத்துப்பேச்சி மறுத்துப் பேச வாயெடுத்தாள். அவன் சொன்னது அத்தனையும் நிஜம். இறக்கித்தான் விட்டிருப்பாள், அன்றைக்கே. அவன் நெஞ்சில் கைவைத்து ஒரு நிமிஷம் உட்கார்ந்தாள். பிறகு பின்னால் போய்த் துடுப்பை எடுத்துப் படகைக் கரைக்குத் திருப்பினாள்.

"இன்னொரு வல கெடக்கே" என்றான் அவன்.

"கெடக்கட்டும். இப்ப ஏழு மணி பஸ்ஸுக்கு விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்."

கெடக்கட்டும் என்று சொல்லிவிட்டாளே ஒழிய, அவளுக்குத் தெரியாதா? வெயில் ஏறிவிட்டால் வலையில் மாட்டிய மீன் அத்தனையும் கெட்டுப் போகும். இருக்கிறது இனி அந்த ஒரு வலைதான். அதையும் நண்டும் ஆமையும் கடித்துப் போட்டால் படகு இருந்தும் இல்லாத மாதிரி. கரைக்கு வருவதற்குள் ஒவ்வொரு ஆளாக யோசித்துப் பார்த்தாள். எல்லோரும் தங்கள் வலையைத் தூக்கப் போயிருந்தார்கள், இல்லையென்றால் மீன் நிறுக்க நின்றார்கள். சும்மா இருந்தது ஒரே ஆள். கோடியில், கவிழ்த்துப் போட்ட படகின்மேல் உட்கார்ந்து சோலைமலை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

படகைக் கட்டிவிட்டு முத்துப்பேச்சி நடந்தாள். எடை போடுகிற இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்றைக்கு நின்ற அதே ஆட்கள், அதே சின்னச்சாமி. இவள் போகிற திசையைப் பார்த்ததும் மறுபடி சண்டை என்று நினைத்து நாலு பேர் பின்னாலேயே வந்தார்கள். வரட்டும் என்று விட்டாள்.

"அண்ணே" என்றாள். அவர் நிமிரவில்லை. "அது நீங்க இல்லண்ணே. எங்க வீட்டு ஆளுதான். அவுகளுக்கு வலக்கை விழுந்துபோச்சு. எனக்குத் தெரியல."

"எனக்குத் தெரியும்" என்றார் சோலைமலை, ஊசியை நிறுத்தாமல்.

"என்னது?"

"எனக்குத் தெரியும். சின்னச்சாமிக்குத் தெரியும். இந்தா நிக்கிற அம்புட்டுப் பேத்துக்கும் தெரியும். நீ மீனைக் கொண்டுகிட்டுப் போனப்புறம் அவன் ஒத்தக் கையில வலை மடிக்கிறதப் பாக்காத ஆளு இந்தக் கரையில யாரு? ரெண்டு நாளு நாந்தான் மடிச்சுக் குடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாலேன்னா வர மாட்டேன்னுட்டான்."

முத்துப்பேச்சி திரும்பிப் பார்த்தாள். பின்னால் நின்ற நாலு பேரும் நாலு திசையைப் பார்த்தார்கள்.

"அப்பன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லண்ணே?"

"யார்ட்ட?" சோலைமலை இப்போதுதான் தலையைத் தூக்கினார். "ஒங்கிட்டயா?"

அதட்டிக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். பக்கத்து ரூம் வெடித்த அன்றைக்குக்கூட அவளுக்கு இப்படிக் காது அடைக்கவில்லை. அவள் எல்லோரையும் கவனித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் எல்லோரும் அவளைக் கவனித்திருக்கிறார்கள், அவள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று. அழவில்லை. அழுதால் அவர் இரங்கிவிடுவார், இரக்கத்தை வாங்கிக்கொண்டு தப்பிக்க அவளுக்கு மனசில்லை.

"தப்பு எம்மேலதான்" என்றாள், பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி. "ஒங்களத் திருடன்னு சொன்னேன். இங்கனதான் சொன்னேன், இவுக முன்னாடிதான் சொன்னேன். மன்னிச்சுக்கோங்கன்னு கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. இன்னொரு வல தண்ணிக்குள்ள கெடக்குண்ணே. மதகுக்குத் தெக்க. அவுகள நா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இவுகள்ல ஒருத்தரத் துடுப்புப் போடக் கூட்டிக்கிட்டு எம் போட்ட நீங்க எடுத்துட்டுப் போங்க."

சோலைமலை ஊசியை வலையில் செருகினார். எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "திரும்பி வந்து அது அங்கன நகந்துச்சு, இது இங்கன நகந்துச்சுன்னு நிக்கக் கூடாது. எது எது எங்கன இருக்கணும்னு இப்பவே சொல்லிரு" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். கேன், கத்தி, முடிச்சு, மிதவை எந்த ஓரம், குண்டு எந்த ஓரம், அத்தனையும் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. நின்றதை விழுங்கினாள்.

"ஒங்க கைக்கு எது வசதியோ அப்படி வச்சுக்கிடுங்கண்ணே."

கரைமேல் ஏறி ரோட்டுக்கு வந்தபோது ஏழு மணி பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. பெத்தணனின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள். இத்தனை நாள் அவனே ஒற்றைக் கையால் போட்டிருக்கிறான். ஜன்னல் ஓரமாக உட்காரவைத்தாள். கம்பெனி வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எதிரே போனது. இன்னும் எத்தனை நாளில் அதில் ஏற வேண்டியிருக்குமோ, டாக்டர் சொன்னால்தான் தெரியும். பஸ் கரையோரமாகவே கொஞ்ச தூரம் போகும், அணை முழுக்கத் தெரியும்.

"மச்சான் போட்ட எடுத்துட்டாரா?" என்றான் பெத்தணன்.

"தெரியல" என்றாள் முத்துப்பேச்சி. "நா பாக்கல."